ஐந்து ஐம்பதுக்கு இறங்கியவர்

செப்டம்பர் 2

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உன் சுகத்தை நீயாக எழுதுகிற வழக்கம் இல்லை என்பதால் கேட்டே வைக்கிறேன். இருமல் நின்றதா?

நாலு வருஷம் கழித்து எனக்குப் பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. தலைமை நர்ஸான நான் இல்லாவிட்டால் வார்டே கவிழ்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டதும் "தாராளமா போயிட்டு வாங்க" என்று ஆஸ்பத்திரியில் சொன்ன வேகத்தைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி கிளம்பி உன்னிடம் வருகிறோம். மலையைப் பார், ஏரியைப் பார் என்று ஆறு வருஷமாக எழுதினாயே, இப்போது அனுபவி.

அத்தான் பூட்ஸ் வாங்கி, வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடக்கிறார். கேட்டால் காலுக்குப் பழக்குகிறாராம். நம் வாலு பள்ளிக்கூடத்தில், "எங்க மாமாதான் அந்தத் தேசியப் பூங்காவையே திறந்து விடுறவரு" என்று அளந்துவிட்டு வந்திருக்கிறாள். கேட்டில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர் பெயரை எழுதுகிற ஆள் என்று உண்மையைச் சொல்லி உன் மானத்தை வாங்க மனசு வரவில்லை.

எந்த பஸ், எங்கே தங்குவது, ஏரி வரை வாலு நடப்பாளா, அட்டை கடிக்குமா, எல்லாவற்றையும் எழுது. சுருக்கி எழுதினால் உதை.

பிரியமுடன்,
உன் அக்கா

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். இருமல் போய் ஒரு மாதமாகிறது. அத்தானின் பூட்ஸுக்கும் வாலுவின் வாய்க்கும் என் வணக்கம்.

மலையைச் சுற்றி மூன்று ஊர்கள். அடிவாரத்து ஊரில் பஸ் நிலையம், லாட்ஜுகள், கம்பளிக் கடைகள். அங்கே ஒன்றும் வாங்காதே, வாய் கூசாமல் விலை சொல்வார்கள். நடுவில் மரம் அறுக்கும் மில் இருக்கிற ஊர். அங்கே பஸ் கால் மணி நேரம் நிற்கும். மூன்றாவது எங்கள் ஊர். கடைசி வீட்டைத் தாண்டினால் பூங்காவின் கேட். அதிலிருந்து ஏரிக்கு நாலு மணி நேர நடை. பாதி வழியில் ஒரு பாறை மேடை இருக்கிறது, வாலுவுக்கு அது போதும். மூன்று ஊரும் கீழே தீப்பெட்டி மாதிரி தெரியும். அட்டை கடிக்கும். உப்புத் துணி கட்டிக்கொள்ளலாம்.

பேர் எழுதுகிற வேலை என்று கேலி செய்கிறாய். காலையில் உள்ளே போகிறவர் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், திரும்பி வந்ததும் இன்னொரு கையெழுத்து. ஆறு மணிக்குக் கேட் மூடும்போது இரண்டாவது கையெழுத்து இல்லாத பெயர் ஒன்று இருந்தாலும் நான் மணியடிக்க வேண்டும். தேடும் குழு அப்போதே மலையேறும். நாற்பது பேர், அக்கா.

ஆனால் இறங்குகிறவர்களுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். பாதிப் பேர் கையெழுத்துப் போடாமல் ஓடுவார்கள். அதற்காகத் தினமும் நாற்பது பேரை மலையேற்ற முடியுமா? பஸ்ஸில் ஏறுகிற முகங்களைப் பார்த்து வைத்துக்கொண்டு, விட்டுப்போன கையெழுத்தை நானே போட்டுவிடுவேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். ஆறு வருஷத்தில் ஒரு முகம் தவறியதில்லை.

அறை ஏற்பாடு செய்துவிட்டேன். சீக்கிரம் வாருங்கள்.

உன் தம்பி

அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே?

இந்த மாதம் வர வேண்டாம். விடாமல் மழை. பாதை சரியில்லை. பஸ்ஸும் ஒழுங்காக ஓடுவதில்லை. சொல்லி வைத்திருந்த அறையும் ஒழுகுகிறது. வாலுவுக்குச் சளி பிடிக்கும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு சின்ன சந்தேகம். இங்கே எங்களுக்குள் ஒரு பந்தயம். காட்டில் ஒரு ஆள் காலில் அடிபட்டுக் கிடக்கிறான் என்று வைத்துக்கொள். மழைக்கோட்டு இருக்கிறது, பையில் கொஞ்சம் பிஸ்கட் இருக்கிறது. எத்தனை நாள் உயிரோடு இருப்பான்? உனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். உடனே எழுது.

உன் தம்பி

அக்டோபர் 11

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீதான் நலமில்லையோ என்று படுகிறது.

உன் கடிதம் எட்டாம் தேதியே வந்துவிட்டது. இரண்டு நர்ஸ்கள் லீவு, எனக்கு இரட்டை டியூட்டி. பைக்குள் வைத்து மறந்தே போனேன், கோபித்துக்கொள்ளாதே.

வரவேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். ஐந்து சொல்லியிருக்கிறாய். சீப்பை ஒளித்து வைத்தால் கல்யாணம் நின்றுவிடுமா? யாராவது பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாயா? அப்படியானால் வெட்கப்படாமல் சொல், நாங்களே வந்து பேசி முடிக்கிறோம்.

உன் பந்தயத்துக்கு வருகிறேன். பசியைவிடக் குளிர்தான் முதலில் ஆளைச் சாய்க்கும். நனையாமல் ஒதுங்க இடமும் எட்டுகிற தூரத்தில் தண்ணீரும் இருந்தால், கால் உடைந்திருந்தாலும் பத்துப் பன்னிரண்டு நாள் தாக்குப்பிடிப்பார்கள். தொந்தி உள்ள ஆசாமி என்றால் இரண்டு நாள் சேர்த்துக்கொள். எனவே "பத்து நாளுக்கு மேல்" என்று கட்டு. ஜெயித்தால் பாதி எனக்கு.

அது சரி, நீ எப்போதிலிருந்து பந்தயம் கட்டுகிறாய்? சின்ன வயசில் கோலிக்குண்டு கூட வைத்து ஆடமாட்டாயே, தோற்றுவிடுவோம் என்று.

பிரியமுடன்,
உன் அக்கா

அக்டோபர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பந்தயமெல்லாம் முடிந்துவிட்டது, அதை விடு. பெண்ணும் இல்லை ஒன்றும் இல்லை.

இங்கே ஊரே ஒரே பேச்சாக இருக்கிறது. ஓவிய ஆசிரியர் ஒருவர் தனியாகப் பூங்காவைப் பார்க்க வந்தார், முதல் தேதி. அதற்கப்புறம் ஆளைக் காணோம். சுற்றுவட்டாரத்தையும் பார்த்துவிட்டு ஆறாம் தேதி வீடு திரும்புவதாகச் சொல்லியிருந்தாராம். வரவில்லை என்றதும் அவர் மனைவி கிளம்பி வந்துவிட்டார். போலீஸ் பதிவேட்டைப் பார்த்தது. ஐந்து ஐம்பதுக்கு இறங்கிவிட்டார் என்று இருக்கிறது. அதனால் மலையில் தேடவில்லை. அடிவாரத்து லாட்ஜ்களிலும் பஸ் நிலையத்திலும்தான் விசாரிக்கிறார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? யாரோடோ போய்விட்டார் என்கிறார்கள். மழைக்கோட்டு வாடகைக்கு விடுகிற கடைக்காரர், "என் மஞ்சள் கோட்டையும் தூக்கிட்டுல்ல போயிட்டான்" என்று அந்த அம்மா காதுபடவே சொல்கிறார்.

அந்த அம்மா தினமும் ஒரு போட்டோவோடு கேட்டுக்கு வந்து நிற்கிறார். நேற்று என்னிடம், "இறங்கிப் போறப்போ எப்படி இருந்தாரு?" என்று கேட்டார். களைப்பாக இருந்தார் என்றேன். "தனியாவா போனாரு?" என்றார். கூட்டத்தோடு போனார் என்றேன்.

பாவமாக இருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

உன் தம்பி

அக்டோபர் 20

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

அத்தானுக்குக் கூடத் தெரியாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். நாலு மணிக்கு எல்லோருக்கும் ஜுரம் பார்த்து அட்டையில் எழுத வேண்டும். பதினெட்டுப் படுக்கை, நான் ஒருத்தி. கடைசிப் படுக்கையில் ஒரு தையல்காரர். மதியம் நார்மலாக இருந்தார், தூங்கிக்கொண்டிருந்தார். தெர்மாமீட்டர் வைக்காமலே நார்மல் என்று எழுதினேன். ஆறு மணிக்கு அவருக்கு ஜன்னி கண்டுவிட்டது. டாக்டர் கேட்டபோது, "நாலு மணிக்கு நார்மல்தான் டாக்டர்" என்றேன். அவர் பிழைத்துக்கொண்டார். அவர் பிழைத்ததால் நானும் பிழைத்தேன்.

இப்போது நீ சொல். அந்த ஐந்து ஐம்பது யார் கையெழுத்து? அந்த மனிதர் பஸ்ஸில் ஏறியதை உன் கண்ணால் பார்த்தாயா? பார்த்தேன், பார்க்கவில்லை, ஒரு வார்த்தை போதும். அடுத்த தபாலில் வர வேண்டும்.

அக்கா

அக்டோபர் 29

தம்பிக்கு,

ஒன்பது நாளாகிவிட்டது. பதில் இல்லை. உன் ஆபீஸுக்குப் போன் பண்ணினேன். "இருக்காரு, கூப்பிடுறேன்" என்றார் ஒருவர். அப்புறம் அவரே வந்து, "இல்லையாம்" என்றார்.

சரி. பதில் சொல்லாததும் ஒரு பதில்தான்.

அந்த மனிதர் மலையில் இருந்தால் இன்றோடு இருபத்தெட்டு நாள். நர்ஸாகச் சொல்கிறேன், உயிரோடு இருக்க மாட்டார். உனக்கு எது நிம்மதி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் புருஷன் யாரோடோ ஓடிப்போய்விட்டான் என்று ஊர் சிரிக்க, அந்தப் பெண் உன் ஜன்னலுக்கு முன்னால் நிற்கிறாளே, அது எப்படியடா உனக்குப் பொறுக்கிறது? நீ கெட்டவன் இல்லை. பயந்தவன். அதுதான் எனக்குக் கவலை. கெட்டவனாவது ஒரு கட்டத்தில் அலுத்துப்போய் நிறுத்துவான்.

இருபத்தைந்தாம் தேதிப் பயணத்தை மழை என்று சொல்லி நிறுத்திவிட்டேன், அத்தானிடம் வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் தேதி நான் மட்டும் வருகிறேன். அதற்குள் நீ சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் சொல்வேன். சொல்லமாட்டாள் என்று மட்டும் நினைக்காதே.

அக்கா

நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வர வேண்டாம். சொல்லிவிட்டேன். முந்தாநாள் பூங்கா அதிகாரியின் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

முதல் தேதி அன்று நல்ல மழை. கடைக்காரரின் வாடகைக் கோட்டு எல்லாமே மஞ்சள், எல்லாவற்றிலும் தலைமூடி. பதிவேட்டில் ஏழு பெயர் பாக்கி இருந்தது. முகம் தெரியவில்லை, எண்ணினேன். ஏழு மஞ்சள் கோட்டு பஸ்ஸில் ஏறியது. ஏழு கையெழுத்துப் போட்டேன். ஏழில் ஒன்று கண்டக்டர். தொப்பலாக நனைந்துவிட்டார் என்று கடைக்காரரின் மனைவி அவருக்கு ஒரு கோட்டு கொடுத்திருக்கிறார். போன வாரம்தான் கண்டக்டர் அதைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அதிகாரியிடமும் அப்படியே சொன்னேன்.

நேற்றுக் காலை நாற்பது பேர் போனார்கள். மூன்றே மணி நேரம். ஏரிப் பாதைக்குக் கீழே ஒரு பாறை இடுக்கில் இருந்தார். இடது கால் உடைந்திருந்தது. பக்கத்திலேயே ஓடைத் தண்ணீர். பையில் படம் வரைகிற நோட்டு. படுத்த இடத்திலிருந்து தெரிந்த ஒரே மரத்தைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். கீழே தேதி. கடைசிப் படம் ஒன்பதாம் தேதி.

அந்த அம்மா என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "என்னை விட்டுட்டுப் போகல இல்ல. நீங்க சொல்லலைன்னா சாகுற வரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காதே" என்று அழுதார். நன்றி கூடச் சொன்னார்.

கவனக்குறைவு என்று எழுதி மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதோடு முடிந்துவிடும் என்கிறார் அதிகாரி. அந்த அம்மா காரியங்களை இங்கேயே முடித்துக்கொண்டு பத்தாம் தேதி காலை பஸ்ஸில் ஊருக்குப் போகிறார். நீ சொன்னபடி செய்துவிட்டேன். இனி என்மேல் கோபம் வேண்டாம்.

உன் தம்பி

நவம்பர் 6

தம்பிக்கு,

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

போன வாரம்தான் தெரியும் என்று அதிகாரியிடம் சொன்னாய். அவர் நம்பினார். அந்தப் பெண்ணிடம் சொன்னாய். அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். என்னிடமும் அதையே எழுதியிருக்கிறாய். எழுதும்போது உனக்கு ஞாபகம் வரவில்லையா?

அக்டோபர் ஆறாம் தேதி நீ என்னிடம் என்ன கேட்டாய்?

காலில் அடிபட்டுக் கிடக்கிறான், மழைக்கோட்டு இருக்கிறது, எத்தனை நாள் உயிரோடு இருப்பான் என்று கேட்டாய். அன்றைக்கு அவர் உயிரோடு இருந்தார். மணி உன் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அதை அடிக்காமல் எனக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறாய். நான் எட்டாம் தேதி அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனேன். ஒன்பதாம் தேதி அவர் அங்கே படம் வரைந்திருக்கிறார். பதினொன்றாம் தேதி நான் உட்கார்ந்து உன்னைக் கேலி செய்து எழுதினேன். அன்றே பிரித்துப் படித்திருந்தாலும் என் பதில் உனக்கு நேரத்துக்கு வந்திருக்காது. தெரியும். தெரிந்தும் மனசு ஆறவில்லை.

எனக்கு உன்மேல் ஆத்திரமாக இருக்கிறது. உன்னை நினைத்து அழுகையும் வருகிறது. இரண்டும் சேர்ந்து வருவதால் வார்டில் யாரிடமும் பேச முடியவில்லை.

உன் ஆறாம் தேதிக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நானே கிழித்துப் போடலாம். அந்தப் பெண்ணுக்கே அனுப்பலாம். இரண்டையும் செய்யப்போவதில்லை. அவளுக்கு பஸ் பத்தாம் தேதி. உன் கையில் இருக்கிறது.

அக்கா

நவம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்குள் இருந்த என் ஆறாம் தேதிக் கடிதத்தை அடுப்புப் பக்கத்தில் கொண்டுபோனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இனி உன்னிடம் எதையும் விட்டுவைக்கப் போவதில்லை.

கண்டக்டர் கோட்டைக் கொண்டுவந்தது மூன்றாம் தேதி. அன்றே புரிந்துவிட்டது, அந்த ஏழு பேரில் தனியாக வந்தவர் அவர் ஒருவர்தான். மணியடித்தால், பார்க்காமல் கையெழுத்துப் போட்டது வெளியே வரும், வேலை போகும் என்று பயந்தேன். நானே போய்த் தேடிக் கூட்டிவந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். நாலாம் தேதியும் ஐந்தாம் தேதியும் தனியாக ஏரி வரை போனேன். இல்லை. அதற்கப்புறம்தான் உனக்கு எழுதினேன். ஒன்றிரண்டு நாளுக்கு மேல் தாங்காது என்று நீ எழுதிவிட்டால், எல்லாம் முடிந்துபோன விஷயம் என்று இருந்துவிடலாம் என்று பார்த்தேன். நீ பன்னிரண்டு நாள் என்று எழுதினாய். அது என் கைக்கு வந்தது பதினாலாம் தேதி. விரலை விட்டு எண்ணினேன், பதிமூன்று நாள். ஐயோ என்று இருந்தது. அக்கா, அதற்கு அடியிலேயே எனக்கு ஒரு நிம்மதியும் வந்தது. அதை எப்படி மன்னிப்பாய்?

இன்று காலை பஸ் நிலையத்துக்குப் போனேன். அந்த அம்மா பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் தேதியே தெரியும் என்பதையும் தனியாகத் தேடிப் போனதையும் சொல்லி, அந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தேதியைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"இதுக்கு உங்க அக்கா பதில் எழுதினாங்களா?"

எழுதினாள் என்றேன். அதுவும் சட்டைப் பையில் இருந்தது, கொடுத்தேன். தொந்தி உள்ள ஆசாமி என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில் நின்று மறுபடி படித்தார். பந்தயம் என்று நான் சொன்ன பொய்யை அவள் நம்பிவிட்டாள், அவள்மேல் தப்பில்லை என்றேன். அவர் இரண்டையும் மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு கேட்டார். "தேடிப் போனீங்களே, அந்த இடத்துப் பக்கம் போனீங்களா?"

இரண்டு நாளும் அதற்கு நேர் மேலே பாதையில் நடந்தேன் என்றேன்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களா?"

கூப்பிடவில்லை, அக்கா. யாரைத் தேடுகிறாய் என்று பூங்காக் காவலர்கள் கேட்டுவிடுவார்களோ என்று சத்தம் போடாமல் நடந்தேன். அதைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. நிலையத்திலேயே இருந்த போனில் அதிகாரியைக் கூப்பிட்டு, நாளை பத்து மணிக்கு இரண்டு பேரும் வருகிறோம் என்று மட்டும் சொன்னார். என்னிடம் திரும்பி, "நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். மூணாம் தேதியில இருந்து ஒண்ணு விடாம. நான் பக்கத்துல உக்காந்து கேக்கணும்" என்றார்.

வேலை போய்விடும். வழக்கு வரும், சிறை கூட வரலாம். அத்தானிடம் நீயே சொல்லிவிடு. வாலுவிடம் என்ன சொல்வாய் என்றுதான் தெரியவில்லை. பயமாக இருக்கிறது, அக்கா. சின்னப் பிள்ளை மாதிரி பயமாக இருக்கிறது.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்த அம்மா என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

"சாப்பிடுங்க. நாளைக்கு நடுவுல மயக்கம் போட்டு விழுந்துடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் தம்பி